வட்டுகளின் அணிவகுப்பு

அயல் மாநிலத்தில் வாழும் தமிழர் இல்லம் ஒவ்வொன்றிலும் ஒரு பெட்டி இருக்கும். அது துணி வைக்கும் பெட்டியன்று. காகிதம் வைக்கும் பெட்டி. பிறப்புச் சான்று, பள்ளியிறுதிச் சான்று, ஊரிலுள்ள வீட்டின் பத்திரம், பணிப் பதிவேட்டின் படி, காப்பீட்டுப் பத்திரம் ஆகியவை யாவும் அதனுள் அடங்கியிருக்கும். மாற்றல் உத்தரவு வந்து வீடு மாறும் பொழுதெல்லாம் முதலில் கையில் எடுக்கப்படுவது அந்தப் பெட்டியே. சொந்த ஊரில் இருப்பவரை இன்னார் மகன் என்று சொல்ல நாலு பேர் இருக்கின்றனர். பிழைப்பு நாடி வந்த ஊரில் நமக்குச் சாட்சி சொல்வது காகிதம் ஒன்றுதான்.

அந்தக் காகிதங்கள் பலவற்றின் மூலப் பதிவுகள் இன்று காகிதத்தில் இல்லை. ஏதோ ஓர் அலுவலகத்தின் குளிரூட்டப்பட்ட அறையில், இடைவிடாது சுழன்றுகொண்டிருக்கும் வட்டுகளில் அவை காந்தப் புள்ளிகளாக உறைகின்றன. சுழல்கின்ற எந்தப் பொருளும் ஒருநாள் நின்றே தீரும். அவ்வாறு ஒரு வட்டு நின்றுவிட்டால் அதிலுள்ள பதிவு என்ன ஆகும்? இக்கேள்விக்கு அறிஞர்கள் கண்ட விடையின் வரலாற்றையே இவ்வுரையில் காண விழைகிறோம்.

அவ்விடைக்கு ஆங்கிலத்தில் வழங்கும் பெயர் 'ரெய்டு'. இச்சொல்லைக் கேட்ட மாத்திரத்தில் நேயர்களுக்கு வருமான வரி அதிகாரிகளின் திடீர்ச் சோதனை நினைவுக்கு வரின் அதில் வியப்பில்லை. 'சர்வர்' என்றவுடன் காப்பி கொண்டுவரும் சிப்பந்தியை நினைப்பவர்களும் நம்மிடையே உண்டு. மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட நாமும், 'சர்வரில் ரெய்டு அமைக்கப்பட வேண்டும்' என்ற குறிப்பை முதன்முதலில் கண்டபொழுது சற்றே திகைத்தோம். பின்னர் விசாரித்ததில், அது ஒரு தனிச்சொல் அன்று என்றும், நான்கு ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்துகளைக் கூட்டிச் செய்த பெயர் என்றும் அறிந்தோம். 'மலிவான வட்டுகளின் மிகையுடைய அணி' என்பது அதன் முதற் பொருள். மலிவு, மிகை, அணி என்ற மூன்று சொற்களுக்கும் தனித்தனியே வரலாறு உண்டு.

அவ்வரலாற்றைத் தேட நம்மைத் தூண்டியது ஓர் இழப்பு. சில ஆண்டுகளுக்கு முன் நாம் பணியாற்றிய ஓர் அலுவலகத்தில், பல்லாண்டுகளாகச் சேர்த்த மொழிபெயர்ப்புகளும் கலைச்சொல் தொகுதிகளும் ஒரு சர்வரில் வைக்கப்பட்டிருந்தன. அதில் நான்கு வட்டுகள் இருந்தன. அவற்றுள் ஒன்று பழுதானாலும் பதிவு அழியாது என்று நமக்குச் சொல்லப்பட்டிருந்தது. அது மெய்யே. அந்த இயந்திரத்தின் முகப்பில் ஒரு சிறிய மஞ்சள் விளக்கு மினுக்கிக்கொண்டே இருந்தது. தேநீர் அருந்தப் போகும் வழியில் அதை நாள்தோறும் கண்டோம். அழகுக்காக வைத்த விளக்கு என்றே எண்ணினோம். ஒரு திங்கட்கிழமை காலையில் அலுவலகம் வந்தபொழுது தொகுதிகள் யாவும் மறைந்திருந்தன. ஒரு வட்டு பல மாதங்களுக்கு முன்பே நின்றுவிட்டது. அதை அறிவிக்கவே அந்த விளக்கு மினுக்கிற்று. அன்று நின்றது இரண்டாவது வட்டு.

கலைப் பட்டம் பெற்ற நமக்கு இயந்திர நூல் தெரியாது. ஆயினும் நம் உழைப்பு எவ்வாறு அழிந்தது என்பதை அறிந்துகொள்ளும் கடமை நமக்கு இருப்பதாக உணர்ந்தோம். அவ்வாறு தேடிக் கற்றதையே ஈண்டுத் தருகிறோம்.

கதை 1950களில் அமெரிக்காவில் தொடங்குகிறது. அக்காலத்துக் கணிப்பொறிகள் விவரங்களைத் துளையட்டைகளிலும் காந்த நாடாக்களிலும் வைத்திருந்தன. நாடாவில் உள்ள ஒரு பதிவைக் காண, முன்னுள்ளவற்றையெல்லாம் சுற்றித் தள்ள வேண்டும். வேண்டிய ஏட்டை நேரே புரட்டுவது போல எந்தப் பதிவையும் உடனே எடுக்க ஒரு வழி தேவைப்பட்டது. ஐ.பி.எம். நிறுவனம் கலிபோர்னியாவிலுள்ள சான் ஹோஸே நகரில் 1952இல் ஓர் ஆய்வுக்கூடத்தை அமைத்து, ரெனால்ட் ஜான்சன் என்பாரை அதன் தலைவராக நியமித்தது. அவர் முன்னர் பள்ளி ஆசிரியராக இருந்தவர். மாணவர்களின் விடைத்தாள்களைத் திருத்தும் பொறியை ஆக்கியவர். அவருடைய குழுவினர் உருவாக்கிய 'ராமாக்' என்னும் இயந்திரம் 1956 செப்டம்பரில் உலகிற்கு அறிவிக்கப்பட்டது.

அதில் 24 அங்குல விட்டமுடைய 50 உலோகத் தட்டுகள் ஒரே அச்சில் செருகப்பட்டு, நிமிடத்திற்கு 1,200 முறை சுழன்றன. வட்டு அலகு மட்டுமே ஏறத்தாழ ஒரு டன் எடை. இத்தனை பெரிய உருவத்தில் அடங்கியது 50 லட்சம் எழுத்துகள். இன்று கைப்பேசியில் எடுக்கும் ஒரு நிழற்படம் அந்த இயந்திரத்தை நிரப்பிவிடக்கூடும். எனினும், வேண்டிய பதிவை ஒரு நொடிக்குள் எடுத்துத் தந்த அந்தப் பொறியே பின்வந்த வட்டுகள் அனைத்திற்கும் மூதாதை எனலாம்.

அதன்பின் வந்த கால் நூற்றாண்டு முழுவதும் வட்டு ஒரு பெரும் பொருளாகவே இருந்தது. வங்கிகள், அரசாங்கங்கள் போன்ற பெரிய அமைப்புகளே அதை வாங்கவல்லனவாயின. ஒரே பெரிய வட்டுத் தொகுதி; அதற்கென்று ஓர் அறை; அதைப் பேணுவதற்கெனப் பயிற்சி பெற்ற பணியாளர். அது நின்றால் அன்றைய வேலை நிற்கும். நாடாவில் எடுத்து வைத்த பழைய படியை மீண்டும் ஏற்றும் வரையில் காத்திருக்க வேண்டும்.

காத்திருத்தல் என்றால் என்னவென்பதை நம்மவர்க்கு விளக்க வேண்டியதில்லை. புது தில்லியில் கணிப்பொறி வழியே ரயில் முன்பதிவு 1985இல் தொடங்கியது. தில்லி, மும்பை, கொல்கத்தா, சென்னை, செகந்திராபாத் ஆகிய ஐந்து மையங்களும் 1999இல் ஒன்றோடொன்று பிணைக்கப்பட்டன. எந்த ஊர்ச் சாளரத்தில் நின்றும் எந்த ஊருக்கும் இடம் பெறலாம் என்ற நிலை வந்தது. பொங்கலுக்கு ஊர் செல்ல விடியற்காலை முதல் வரிசையில் நிற்கும் ஒருவரிடம், 'வட்டு நின்றுவிட்டது. நாளை வாருங்கள்' என்று சொல்ல இயலுமா? இத்தகைய பணிகள் பெருகப் பெருக, பழுது நேர்ந்தாலும் நில்லாத பொறி வேண்டும் என்ற தேவை உலகெங்கும் வலுத்தது.

இதற்கிடையே ஒரு மாறுதல் நிகழ்ந்தது. ஒருவரே மேசைமீது வைத்துப் பயன்படுத்தும் சிறு கணிப்பொறிகள் தோன்றின. அவற்றிற்கெனச் சிறு வட்டுகளும் தோன்றின. ஸீகேட் நிறுவனம் 1980இல் 5 மெகாபைட் கொள்ளும் ஐந்தேகால் அங்குல வட்டைச் செய்தது. லட்சக்கணக்கில் செய்யப்பட்டமையால் சிறு வட்டுகளின் விலை வேகமாகச் சரிந்தது. பெரிய வட்டுக்கும் சிறிய வட்டுக்கும் இருந்த இடைவெளி ஆண்டுதோறும் குறைந்துவந்தது.

இதைக் கூர்ந்து நோக்கியவர்கள் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் இருந்த மூவர். டேவிட் பாட்டர்ஸன், ராண்டி கட்ஸ் ஆகிய இரு பேராசிரியர்களும், அவர்களுடைய மாணவர் கார்த் கிப்ஸனும் ஆவர். கணிப்பொறியின் மூளை ஆண்டுக்கு ஆண்டு விரைவு பெற்றுவர, வட்டின் கை மட்டும் பழைய வேகத்திலேயே அசைவதை அவர்கள் கண்டனர். மின்னல் வேகத்தில் கணக்குப் போடும் எழுத்தருக்கு, நத்தை வேகத்தில் கட்டு எடுத்துத் தரும் பதிவறைப் பணியாளர் வாய்த்தால் அந்த அலுவலகம் எங்ஙனம் நடக்குமோ அங்ஙனமே கணிப்பொறியும் நடந்தது.

1987 டிசம்பரில் அவர்கள் ஒரு சிறிய ஆய்வறிக்கையை வெளியிட்டனர். 1988 ஜூனில் சிகாகோவில் கூடிய தரவுத்தள அறிஞர் மாநாட்டில் அது படிக்கப்பட்டது. அவ்வறிக்கையின் மையம் ஓர் ஒப்பீடு. ஒரு பக்கம் ஐ.பி.எம். நிறுவனத்தின் 3380 என்னும் பெரிய வட்டுத் தொகுதி. 14 அங்குலத் தட்டுகள். 7,500 மெகாபைட் கொள்ளளவு. 6,600 வாட் மின்சாரம். மறுபக்கம் கானர் நிறுவனத்தின் மூன்றரை அங்குலச் சிறு வட்டு. 100 மெகாபைட் கொள்ளளவு. 10 வாட் மின்சாரம். 75 சிறு வட்டுகளை அணியாக நிறுத்தினால் ஒரு பெரிய தொகுதியின் கொள்ளளவு கிட்டிவிடும். மின்செலவோ 750 வாட்டுக்குள் அடங்கிவிடும். மேலும், 75 கைகள் ஒரே சமயத்தில் வேலை செய்வதால் விவரங்களை எடுத்துத் தரும் வேகமும் பன்மடங்கு உயரும்.

இத்தனை நன்மை இருந்தும் முன்னரே ஏன் ஒருவரும் அவ்வாறு செய்யவில்லை? அதற்கும் அறிக்கையிலேயே விடை இருந்தது. ஒரு வட்டு சராசரியாக 30,000 மணி நேரம் உழைக்கும் என்று கொள்வோம். அது மூன்று ஆண்டுகளுக்கும் மேல். நூறு வட்டுகளை ஒன்றாகச் சேர்த்தால், அவற்றுள் ஏதேனும் ஒன்று பழுதாவதற்கான சராசரிக் காலம் 30,000ஐ 100ஆல் வகுத்த 300 மணி நேரமே ஆகும். இரண்டு வாரங்கூட இல்லை. பதிவுகள் எல்லா வட்டுகளிலும் பரவிக் கிடப்பதால் ஒன்று கெட்டாலும் முழுமையும் கெடும். ஆகவே மலிவான வட்டுகளை வெறுமனே கூட்டி வைத்தல் பயனற்றது. அவற்றோடு சிறிது மிகையும் சேர்க்க வேண்டும்.

'மிகை' என்பது அரசு அலுவலகங்களில் நற்பெயர் பெற்ற சொல்லன்று. மிகைப் பணியிடம் என்றால் நீக்கப்பட வேண்டிய இடம் என்றே பொருள்படும். ஈண்டோ, எல்லாம் ஒழுங்காக நடக்கும்பொழுது தேவையற்றதாகத் தோன்றி, ஒன்று கெடும்பொழுது மட்டும் தன் பயனைக் காட்டும் பகுதியே மிகை எனப்பட்டது.

மிகையின் துணைகொண்டு பிழையைத் திருத்தலாம் என்ற எண்ணம் பெர்க்லியில் புதிதாகப் பிறந்ததன்று. பெல் ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த ரிச்சர்ட் ஹாமிங், வார இறுதியில் இயந்திரத்திடம் ஒப்படைத்துச் சென்ற கணக்குகள் ஒரு சிறு பிழையால் இடையிலேயே நின்றுபோவது கண்டு சினந்தார். பிழை இருக்கிறது என்று கண்டுபிடிக்கத் தெரிந்த இயந்திரம் அதைத் தானே திருத்தலாகாதோ என்று சிந்தித்து, 1950இல் தம் திருத்தக் குறியீட்டை வெளியிட்டார். 1970களில் டாண்டம் என்ற நிறுவனம், ஒவ்வொரு வட்டுக்கும் இணையாக மற்றொரு வட்டை வைத்த நில்லாப் பொறிகளை வங்கிகளுக்கு விற்றது. ஐ.பி.எம். நிறுவனத்தைச் சேர்ந்த நார்மன் ஓச்சி, பழுதான அலகிலுள்ள விவரத்தை மற்ற அலகுகளைக் கொண்டு மீட்கும் முறைக்கு 1978இல் காப்புரிமை பெற்றார். பெர்க்லி அறிஞர் மூவரும் இவ்வழிகளையெல்லாம் ஒரே வரிசையில் நிறுத்தி, முதல் நிலை முதல் ஐந்தாம் நிலை வரை எண்ணிட்டு, ஒவ்வொன்றின் செலவையும் பயனையும் கணக்கிட்டுக் காட்டினர். அந்த எண்களே இன்றளவும் வழக்கில் உள்ளன.

அந்நிலைகளை நாம் நன்கறிந்த அலுவலக வழக்கங்களைக் கொண்டே விளங்கிக்கொள்ளலாம்.

முதல் நிலை, கார்பன் தாள் வைத்து எழுதுதல். ஒரு வட்டில் எழுதப்படும் ஒவ்வொன்றும் அதே கணத்தில் மற்றொரு வட்டிலும் பதியும். ஒன்று கெட்டால் மற்றொன்று அப்படியே இருக்கும். எளிய முறை, ஆனால் வாங்கிய கொள்ளளவில் பாதி படிக்கே போய்விடும்.

அடுத்த நிலைகளுக்கு ஒரு கணக்கு தேவை. மூன்று எழுத்தர்கள் தத்தம் பேரேட்டில் அன்றைய வரவை எழுதுகின்றனர் என்று கொள்வோம். முதல்வர் 25, இரண்டாமவர் 40, மூன்றாமவர் 15. நான்காமவர் தமக்கென வரவு ஏதும் எழுதாமல், மூவரின் கூட்டுத்தொகையாகிய 80ஐ மட்டும் எழுதி வைக்கிறார். இரண்டாமவரின் பேரேடு கரையான் அரித்துப் போயிற்று. கவலையில்லை, 80இலிருந்து 25ஐயும் 15ஐயும் கழித்தால் 40 மீண்டுவிடும். எந்தப் பேரேடு போனாலும் இவ்வாறே மீட்கலாம். இருமடங்கு ஏடுகள் வாங்காமல், மூன்றுக்கு ஒன்று என்ற மிகையிலேயே காரியம் முடிந்தது. கணிப்பொறியில் எண்கள் ஒன்றும் பூஜ்யமும் மட்டுமே ஆதலின், கூட்டுத்தொகைக்குப் பதிலாக ஒற்றைப்படையா இரட்டைப்படையா என்ற குறிப்பே போதும். 1, 0, 1 என மூன்று வட்டுகளில் இருந்தால், ஒன்றுகள் இரட்டைப்படையில் இருப்பதால் சரிபார்ப்பு வட்டில் 0 எழுதப்படும். நடுவிலுள்ள வட்டு கெட்டால், எஞ்சிய இரண்டு ஒன்றுகளே இரட்டைப்படை ஆகிவிடுவதால், கெட்ட வட்டில் இருந்தது 0 என்பது தெளிவு.

இரண்டாம் நிலை ஹாமிங்கின் குறியீட்டை அப்படியே எடுத்துக்கொண்டது. பத்து வட்டுகளுக்கு நான்கு சரிபார்ப்பு வட்டுகள் அதற்குத் தேவைப்பட்டன. அவற்றுள் பெரும்பகுதி, எந்த வட்டில் பிழை நேர்ந்தது என்று கண்டுபிடிக்கவே செலவாயிற்று. ஆனால் வட்டு கெடும்பொழுது, 'நான் கெட்டேன்' என்பதை அதன் கட்டுப்பாட்டுப் பொறியே அறிவித்துவிடுகிறதன்றோ? கரையான் அரித்த ஏடு எது என்று கண்ணாலேயே தெரியும்பொழுது அதைத் தேட ஒரு குழு எதற்கு? இந்த உண்மையைப் பற்றிக்கொண்டு எழுந்தது மூன்றாம் நிலை. அதில் சரிபார்ப்பு வட்டு ஒன்றே போதும்.

மூன்றாம் நிலையில் சிறு விவரம் ஒன்றைப் படிப்பதற்கும் எல்லா வட்டுகளும் ஒருங்கே அசைய வேண்டியிருந்தது. நான்காம் நிலையில் பதிவுகளைப் பெரிய துண்டங்களாகப் பிரித்து வைத்தமையால், வெவ்வேறு வட்டுகள் வெவ்வேறு வேண்டுகோள்களை ஒரே சமயத்தில் நிறைவேற்றின. ஆயினும் ஒரு நெருக்கடி எஞ்சியது. எந்த எழுத்தர் எதை மாற்றினாலும் கூட்டுத்தொகை எழுதுபவரிடம் போயாக வேண்டும். அவர் முன் வரிசை நீண்டது. ஐந்தாம் நிலை அந்தப் பொறுப்பை முறைவைத்துப் பகிர்ந்தளித்தது. முதற் பக்கத்தின் கூட்டுத்தொகை நான்காமவர் ஏட்டில், இரண்டாம் பக்கத்தினது மூன்றாமவர் ஏட்டில், அடுத்தது இரண்டாமவர் ஏட்டில் என்று சுழன்று வரும். ஒருவர்மீதே பாரம் விழாது. பின்னர் பல்லாயிரம் அலுவலகங்களில் நிறுவப்பட்டது இந்த ஐந்தாம் நிலையே. நம் அலுவலகத்தில் இருந்ததும் அதுவே.

பிற்காலத்தில் பூஜ்ய நிலை என்ற ஒரு பெயரும் சேர்ந்தது. பதிவுகளை வட்டுகளில் பரப்பி வேகத்தை மட்டும் பெறுவது; மிகை ஏதும் இராது. ஒரு வட்டு போனால் எல்லாம் போகும். பாதுகாப்பைப் பொறுத்தமட்டில் அதற்குப் பூஜ்யம் என்ற எண் பொருத்தமாகவே அமைந்தது.

ஏட்டளவில் நின்ற எண்ணத்தைப் பெர்க்லிக் குழுவினர் செயலிலும் காட்டினர். 1989இல் 28 வட்டுகளைக் கொண்ட முதல் மாதிரியையும், பின்னர் 144 வட்டுகளைக் கொண்ட இரண்டாம் மாதிரியையும் அமைத்தனர். 1990களில் வட்டு அணி ஒரு பெரும் வாணிகமாக வளர்ந்தது. அப்பொழுதுதான் மொழிபெயர்ப்பாளரின் கண்ணுக்குப் படும் ஒரு நிகழ்ச்சி நேர்ந்தது. பெயரிலிருந்த 'மலிவான' என்ற சொல் மெல்ல நழுவி, அதே எழுத்தில் தொடங்கும் 'தனித்தனியான' என்ற சொல் அவ்விடத்தில் அமர்ந்தது. வட்டு அணிகளைப் பெட்டியில் அடைத்து உயர்ந்த விலைக்கு விற்ற நிறுவனங்களுக்கு, 'மலிவு' என்ற அடைமொழி ஒவ்வாததாக இருந்ததில் வியப்பில்லை. பெரிய வட்டுத் தொகுதிகள் சந்தையை விட்டு மறைந்து, எல்லா வட்டுகளுமே சிறியனவாகிவிட்ட பின்னர், எதனோடு ஒப்பிட்டு மலிவு என்பது என்ற கேள்வியும் எழுந்திருக்கும். நான்கு எழுத்துகளும் அப்படியே நிற்க, பொருள் மட்டும் மாறிற்று.

ஐந்தாம் நிலைக்கு ஓர் எல்லை உண்டு. ஒரு வட்டு கெட்டால் தாங்கும். இரண்டாவதும் கெட்டால் தாங்காது. கெட்ட வட்டை அகற்றிப் புதியது பொருத்தியதும், எஞ்சிய வட்டுகள் அனைத்தையும் தொடக்கம் முதல் இறுதி வரை படித்துக் கணக்கிட்டுத்தான் புதிய வட்டை நிரப்ப முடியும். வட்டுகள் சிறியனவாக இருந்த காலத்தில் இது விரைவில் முடிந்தது. இன்று 10 டெராபைட் வட்டொன்றை நொடிக்கு 200 மெகாபைட் வீதம் நிரப்பினாலும் 50,000 நொடிகள், அதாவது ஏறத்தாழ 14 மணி நேரம் செல்லும். இடையே அன்றாட வேலையும் நடக்குமாயின் இன்னும் நீளும். அந்த நேரம் முழுவதும் அணி காவலின்றி நிற்கிறது. ஒரே நாளில் வாங்கி ஒரே அறையில் ஒரே அளவு உழைத்த வட்டுகள் ஏறத்தாழ ஒரே காலத்தில் தளர்வதும் இயல்பே.

ஆகவே இரண்டு வட்டுகள் கெட்டாலும் தாங்கும் ஆறாம் நிலை வந்தது. அதற்கு இருவேறு கணக்குகள் தேவை. இர்விங் ரீட், குஸ்தாவ் சாலமன் என்னும் இருவர் 1960இல் வெளியிட்ட திருத்தக் குறியீடு அதற்கு வழிகாட்டிற்று. கடினமான பெருக்கல்கள் இன்றி, ஒற்றை இரட்டைக் கணக்கை மட்டும் இருவேறு விதமாகச் செய்தே இரு வட்டுகளை மீட்கலாம் என்று 1995இல் நால்வர் ஒரு கட்டுரையில் காட்டினர். அந்நால்வருள் ஒருவராகிய ஜெய் மேனன், சென்னையிலுள்ள இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் பயின்றவர் என்பது நமக்கு மகிழ்ச்சி தரும் செய்தி.

தொடக்கத்தில் இக்கணக்குகளைச் செய்யத் தனிப் பொறி தேவைப்பட்டது. காலப்போக்கில் கணிப்பொறியின் மூளையே அதைச் செய்யும் திறன் பெற்றது. 1996இல் வெளிவந்த லினக்ஸ் 2.0இல் பல வட்டுகளை ஒன்றாக இணைக்கும் பகுதி சேர்க்கப்பட்டது. அதை ஆளும் 'எம்டிஆட்ம்' என்ற கருவியை ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த நீல் பிரௌன் 2001இல் எழுதி, விலையின்றி வழங்கினார். பெரு நிறுவனங்களின் உடைமையாக இருந்த வட்டு அணி, சிறு பள்ளிக்கும் அச்சகத்துக்கும் தமிழ்ச் சங்க நூலகத்துக்கும் எட்டும் பொருளாயிற்று. அந்த வகையில், பெயரில் மறைந்த 'மலிவு' செயலில் திரும்பி வந்தது எனலாம்.

அவ்வாறு ஓர் அணியை அமைக்க முற்படுவோர் கவனிக்க வேண்டியவை சில. 4 டெராபைட் வட்டுகள் நான்கு இருப்பதாகக் கொள்வோம். ஐந்தாம் நிலையில் அமைத்தால் 12 டெராபைட் பயன்படும். ஒரு வட்டின் இழப்பைத் தாங்கும். ஆறாம் நிலையில் 8 டெராபைட். எந்த இரு வட்டுகள் போனாலும் தாங்கும். இரண்டிரண்டாகப் பிரதி எடுத்தாலும் 8 டெராபைட்தான். வேகம் கூடும், ஆனால் ஓர் இணையின் இரு வட்டுகளும் போனால் தாங்காது. எவ்வளவு இடத்தை விட்டுக்கொடுத்து எவ்வளவு பாதுகாப்பைப் பெறுவது என்பதே இங்குச் செய்ய வேண்டிய தேர்வு. அடுத்து, பழுது நேர்ந்தவுடன் இடம் நிரப்ப ஒரு வட்டைத் தயாராக வைத்தல் நலம். பதிவுகளை ஏற்றுவதற்கு முன், ஒரு வட்டை வேண்டுமென்றே கழற்றி, அணி தாங்குகிறதா, அறிவிப்பு வருகிறதா என்று சோதித்தல் வேண்டும். எல்லாவற்றிற்கும் மேலாக, அந்த அறிவிப்பு எந்த மனிதருக்குச் செல்லும், அவர் விடுப்பில் இருந்தால் எவருக்குச் செல்லும் என்பதை எழுதி வைத்தல் வேண்டும். நம் அலுவலகத்தில் செய்யப்படாது விடப்பட்டது இந்தக் கடைசிக் காரியமே. பெர்க்லி அறிஞரின் கணக்கில் பிழையில்லை. மாற்ற வேண்டிய வட்டை எவரும் மாற்றவில்லை.

மற்றொன்றையும் கூறியாக வேண்டும். வட்டு அணி வேறு. காப்புப் படி வேறு. கார்பன் தாள் வைத்து எழுதும்பொழுது மேல்தாளில் தவறாக எழுதியது கீழ்த்தாளிலும் தவறாகவே விழும். அணியும் அத்தகையதே. தவறுதலாக அழித்த கோப்பை அது எல்லா வட்டுகளிலும் உடனே அழித்துவிடும். தீயோ வெள்ளமோ அறையைத் தாக்கினால் நான்கு வட்டுகளும் ஒன்றாகவே போகும். வட்டு பழுதானாலும் வேலை நில்லாமல் நடப்பதற்கே அணி. அழிந்ததை மீட்பதற்கு, வேறோர் இடத்தில், வேறொரு நாளில் எடுத்துவைத்த படி வேண்டும். கூகிள் நிறுவனம் 2003இல் வெளியிட்ட தன் கோப்பு முறையின் விளக்கத்தில், ஒவ்வொரு துண்டத்தையும் வெவ்வேறு இயந்திரங்களில் மூன்று படிகளாக வைப்பதாகக் கூறிற்று. ஒரே பெட்டிக்குள் வைத்த மிகை பெருங்காரியங்களுக்குப் போதாது என்பதை அவர்களும் கண்டிருந்தனர்.

நம் அலுவலகத்தின் கதையைக் கூறி முடிக்கிறோம். அந்தத் திங்கட்கிழமைக்குப் பின், கோப்புகளில் இருந்த அச்சுப் படிகளைத் தேடித் திரட்டினோம். எனினும் கலைச்சொல் தொகுதியின் பெரும்பகுதி கிட்டவில்லை. பணி ஓய்வு பெற்ற மூத்த மொழிபெயர்ப்பாளர் அம்மையார் ஒருவர் செய்தி கேட்டு, தாம் பல்லாண்டுகளாகக் கைப்பட எழுதி வைத்திருந்த மூன்று தடித்த குறிப்பேடுகளைக் கொடுத்தனுப்பினார். இயந்திரம் வந்த பின்னும் அவர் அவற்றில் எழுதுவதை நிறுத்தவில்லை. 'இதெல்லாம் எதற்கு, அம்மா?' என்று நாமே ஒருமுறை அவரிடம் கேட்டிருக்கிறோம். அவற்றைப் பார்த்து மீண்டும் தட்டச்சு செய்ய ஏழு மாதங்கள் ஆயின. குறிப்பேட்டில் ஏறாத சொற்கள் போனது போனதுதான்.

இப்பொழுது அங்கே ஆறாம் நிலை அணி ஒன்று இயங்குகிறது. வாரந்தோறும் ஒரு படி வேறு கட்டிடத்திற்குச் செல்கிறது. ஆண்டுக்கு ஒருமுறை அந்தப் படியிலிருந்து ஒரு தொகுதியை மீட்டுப் பார்க்கிறோம். விளக்கைப் பார்த்துக் கையொப்பமிட ஒரு பதிவேடு வைத்திருக்கிறோம். இன்று காலை அதில் கையொப்பமிட வேண்டிய முறை நம்முடையதாக இருந்தது. நான்கு விளக்குகளும் பச்சையாகவே இருந்தன.

நேயர்களும் தங்கள் அலுவலகத்திலோ, பிள்ளைகள் பயிலும் பள்ளியிலோ, ஊரிலுள்ள தமிழ்ச் சங்கத்திலோ இதைப் பற்றி ஒருமுறை வினவிப் பார்க்கலாம். நம் பதிவுகள் எத்தனை வட்டுகளில் இருக்கின்றன? எத்தனை கெட்டால் தாங்கும்? விளக்கைப் பார்ப்பவர் யார்? இம்மூன்றையும் கேட்பதற்குப் பொறியியல் படித்திருக்க வேண்டியதில்லை.